இரண்டு விரற்கடை மணல்

கழுவக் கழுவக் கலங்கல்தான் வந்துகொண்டிருக்கிறது. வாளியைச் சாய்த்து மேல்தண்ணீரைக் கொட்டுகிறேன், குழாயைத் திறக்கிறேன், முழங்கை வரை கையை விட்டு மணலை அளைகிறேன், மறுபடி அடியிலிருந்து பால் போல ஒன்று கிளம்பி வருகிறது. தெளியற வரைக்கும் விடாதீங்க சார், இல்லாட்டி தொட்டி மோர்ப்பானையாட்டம் இருக்கும் என்று மீன் கடை ஹமீது சொன்னார். யாரிடம் சொல்கிறார். வேலையில் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறுகிறவரை குடிநீர் நிலையத்தில் மணல் வடிகட்டிகளின் ஓரத்திலேயே நின்றவன் நான். காவிரித் தண்ணீர் பழுப்பாக உள்ளே வந்து, மணலுக்குள் இறங்கி, அந்தப் பக்கம் கண்ணாடியாக வெளியே போவதைப் பார்த்துக்கொண்டே தலை நரைத்தவன். ஆனால் அவரிடம் அதைச் சொல்லவில்லை, தலையை ஆட்டினேன். சொன்னால் இந்த வயசுல எதுக்கு சார் மீன் என்று கேட்பார், என் மனைவிக்கு என்று ஆரம்பிக்க வேண்டும், அது மூளைக்காய்ச்சலுக்குப் போகும், ஆஸ்பத்திரிக்குப் போகும், அப்புறம் அவர் முகம் மாறும், எல்லோருக்கும் மாறுகிறது, அந்த மாற்றத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. வல்லி கூடத்தில் பிரம்பு நாற்காலியில் இருக்கிறாள். செண்பகவல்லி, கூப்பிடுவது வல்லி. காய்ச்சல் இறங்கி வீட்டுக்கு வந்ததிலிருந்து நடக்கிறாள், சாப்பிடுகிறாள், தானே தலை வாரிக்கொள்கிறாள், பேசுவது மட்டும் இல்லை. நாக்கில் ஒன்றும் இல்லை, தொண்டையிலும் இல்லை, பேச்சு எங்கேயோ உள்ளே இறங்கிக் கிடக்கிறது, ஒரு நாள் தானாக மேலே வரும் என்றார் டாக்டர். வரும்போது கொஞ்சம் முன்னபின்ன இருக்கலாம், திருத்தாதீங்க, அதட்டாதீங்க, அவங்க போக்குல போங்க என்றும் சொன்னார். எந்தப் போக்கு. அவளுக்குப் போக்கே இல்லையே, நாற்காலி இருக்கிறது, எதிரே சுவர் இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மகள்தான் முதலில் கவனித்தாள். “அப்பா, அம்மா டிவியைப் பாக்கலப்பா. டிவிக்குப் பக்கத்துல இருக்கற வெறுஞ் சுவத்தைத்தான் பாக்கறாங்க” என்றாள் மதிவதனி. வெளிச்சம் கண்ணைக் கூசுதோ என்னவோ என்றேன். “இல்லப்பா. அங்க ஏதாவது வைங்க. அசையற மாதிரி ஏதாவது வைங்க. எனக்குப் பயமா இருக்கு” என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே ரயில் ஏறிவிட்டாள். பயம் என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் அது பயம் என்று தெரிந்தது.

வாளியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வருகிறேன். சட்டையைக் கழற்றிக் கதவுக் கொக்கியில் மாட்டியாயிற்று, மூக்குக்கண்ணாடி அதன் பையில், பனியனெல்லாம் சேறு, தலையில் துண்டைச் சுற்றியிருக்கிறேன், வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறேன், இருக்கட்டும். தொட்டி அந்தச் சுவரோரம் இரும்பு ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறது, மூன்றடி நீளம், உள்ளே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத கண்ணாடி வழியாக அவள் அதே சுவரைத்தான் பார்க்கிறாள். வடிகட்டி எது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும், அதை வைத்துத்தான் மணலின் ஆழம், மணலைப் போட்டுவிட்டு அப்புறம் மனசு மாறினால் எல்லாவற்றையும் அள்ள வேண்டும். ஹமீது மூன்று விதமான வடிகட்டி வைத்திருந்தார். ஒன்று, அடியில் ஓட்டை ஓட்டையாகப் பலகை, அதன் மேல் நல்ல ஆழத்துக்குக் கூழாங்கல், தண்ணீர் கல்லுக்குள் இழுபட்டுக் கீழே போய்க் குழாய் வழியாக மேலே வரும். “அழுக்கு பூரா கீழ போயிரும் சார். கண்ணுக்கே தெரியாது. பாக்க அவ்வளவு நீட்டா இருக்கும்” என்றார். கீழே போகிறதே, போய் அங்கே என்ன ஆகும் என்று கேட்டேன். “அங்கயே இருக்கும்” என்று சிரித்தார். “வருஷத்துக்கு ஒருக்கா கிளறி விடணும். பல பேரு கிளற மாட்டாங்க, திடீர்னு ஒரு நாள் மீனெல்லாம் மொத்தமா மெதக்கும்.” இன்னொன்று வெளியே பெட்டியில் வைப்பது, இரண்டு குழாய், சத்தமே வராது. மூன்றாவது சாதாரண ஸ்பாஞ்ச், காற்று மோட்டாரில் குமிழி விட்டுக்கொண்டு தொட்டி மூலையில் கறுப்பாக நிற்கும், அழகில்லை. மூன்றையும் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தேன். சத்தமே வராது என்று அவர் சொன்னதும் எனக்குள் ஒன்று பின்வாங்கியது, ஏனென்று அப்போது புரியவில்லை, அந்தப் பெட்டியைச் சட்டென்று மேஜை மேல் வைத்துவிட்டேன். ஸ்பாஞ்சையும், பலகையையும் இரண்டையும் வாங்கி வந்தேன். வீட்டில் போய் யோசிக்கலாம் என்று. வீட்டில்தான் யோசிக்கிறேன். இங்கே வேறு என்ன வேலை.

பலகையை எடுத்துத் தொட்டிக்குள் வைத்துப் பார்க்கிறேன், வாகாகப் பொருந்துகிறது, அதற்கும் தொட்டியின் அடிக்கும் நடுவில் ஒரு விரல் போகிற இடம், அந்த இடத்துக்குள் இருட்டு. நாங்கள் வேலை செய்த வடிகட்டிப் படுகைகளுக்கும் அடியில் இப்படித்தான், மேலே மணல், கீழே ஜல்லி, அதற்கும் கீழே ஒரு கூடம், அதை யாரும் பார்த்ததில்லை. மணலைக் கழுவக் கீழிருந்து தண்ணீரை மேல்நோக்கித் தள்ளுவோம். நடந்து போகலாம் போலக் கெட்டியாக இருக்கிற மணல் அப்போது கஞ்சி போலக் கொதிக்கும். பிச்சைமுத்து, என்னோடு ஷிப்டில் இருந்தவன், தண்ணீர் வடித்த படுகைக்குள் இறங்கி மணல் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, வால்வு எப்படியோ கசிந்து கீழிருந்து தண்ணீர் ஏறிவிட்டது. நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அவனோடு பேசிக்கொண்டிருந்தேன், அவன் பதில் சொல்லிக்கொண்டே குட்டையானான். முதலில் அவன் உட்காருகிறான் என்றே நினைத்தேன். இடுப்பு வரை போன பிறகுதான் இரண்டு பேருக்கும் புரிந்தது. கத்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை, கத்தவே இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். வால்வை மூடிக் கயிறு போட்டுத் தூக்கினோம், செருப்புகூட வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, ஏண்டா கூப்பிடலை என்று கேட்டதற்கு, “ஜில்லுனு இருந்துச்சுண்ணே. அடியில ஒண்ணும் தட்டலை. விட்டிருந்தா போயிட்டே இருந்திருப்பேன்” என்றான். சிரிக்காமல் சொன்னான். அதற்கப்புறம் நன்றாகத்தான் இருந்தான், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தான், ஆனால் எப்போதாவது பேச்சின் நடுவில் அவன் முகம் அந்தப் படுகையில் இருந்த முகமாக ஆகிவிடும், நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். வல்லியின் முகத்தை ஆஸ்பத்திரியில் முதல் முதலாகக் கண் திறந்தபோது பார்த்ததும் எனக்கு அவன்தான் நினைவுக்கு வந்தான். ஜில்லென்று இருக்கிறதா வல்லி, அடியில் ஒன்றும் தட்டவில்லையா. கேட்கவில்லை. காபி வேணுமா என்று கேட்டேன்.

பலகை வேண்டாம். எடுத்து ஓரமாகச் சாத்துகிறேன். கீழே போவது கண்ணுக்குத் தெரியாத எதுவும் இந்தக் கூடத்தில் வேண்டாம். ஸ்பாஞ்சை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு மோட்டாரை மாட்டி விட்டேன், புர்ர் என்று ஒரு முனகல், குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி உடைகின்றன, கேட்க ஆறுதலாக இருக்கிறது, மூச்சு விடுகிற எதுவும் ஆறுதல்தான். இப்போது மணல். நாலு விரற்கடை போட்டால் செடி வேர் பிடிக்கும், பார்க்கப் பசுமையாக இருக்கும், ஆனால் பொடிமணல் அத்தனை ஆழத்தில் காற்றோட்டமில்லாமல் கறுத்துவிடும், கண்ணாடியோரம் திட்டுத்திட்டாக மை வைத்ததுபோலத் தெரியும், கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அந்தக் காற்று மீனுக்கு விஷம். ஒன்றுமே போடாமல் வெறுங் கண்ணாடியாக விட்டால் மீன் மிரளும், கீழேயும் தன் உருவம் தெரிந்தால் எந்த உயிர்தான் மிரளாது. இரண்டு விரற்கடை போதும். பின்பக்கம் கொஞ்சம் ஏற்றம், முன்பக்கம் கொஞ்சம் இறக்கம். ஒரு கை மணலை அள்ளி உள்ளே வைக்கிறேன், அடுத்த கை மணலோடு நிமிரும்போது கண்ணாடியில் அவளைப் பார்க்கிறேன். ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து விழுவதால் தொட்டியின் முன்கண்ணாடியில் கூடம் முழுக்கத் தெரிகிறது, நாற்காலி, அவள், இந்தப் பக்கம் என் முகம். அவள் சுவரைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் இருக்கிற என்னைப் பார்க்கிறாள். எத்தனையோ காலமாக என் மேல் நிற்காத பார்வை அது, நழுவி நழுவிச் சுவருக்குப் போய்விடுகிற பார்வை, இப்போது நிற்கிறது, இமைக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டும். பட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கழுத்துக்குப் பின்னால் மயிர் குத்திட்டுக்கொண்டது, பழைய கோயிலில் ஆளில்லாத பிராகாரத்தில் நடக்கும்போது ஆகுமே, அப்படி. என்னையேதான் பார்க்கிறாளா, எனக்குப் பின்னால் இருக்கிற எதையாவதா. பின்னால் இருப்பது அவள்தான். மோட்டார் முனகுகிறது, விசிறி சுற்றுகிறது, சமையலறையில் ரேடியோ எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறது. ரேடியோவை நான்தான் போட்டு வைத்தேன். காலையில் எழுந்ததும் ரேடியோ, அப்புறம் டிவி, படுக்கும்போதும் விசிறியைக் கூட்டி வைக்கிறேன். சத்தமே வராத வடிகட்டியை ஏன் வேண்டாமென்று வைத்தேன் என்று இப்போது புரிகிறது, இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் ஒரே சமயத்தில் நிற்கிறது.

கரண்ட் போய்விட்டது. விசிறி இரண்டு சுற்று தானாகச் சுற்றி ஓய்ந்தது. வாளியில் கடைசிக் குமிழி ஏறி உடைந்தது. வீட்டுக்கு இத்தனை அமைதி இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. கைமணல் அப்படியே கையில் இருக்கிறது, என் மூச்சு கேட்கிறது, அவள் மூச்சும் தனியாகக் கேட்கிறது, பிரம்பு நாற்காலி மெல்ல முனகுகிறது, அவள் முன்னால் சாய்கிறாள்.

“சார்” என்றாள்.

குரல் துருப்பிடித்திருந்தது, ஆனால் அவள் குரல்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அது உள்ளே போய்விடும் என்று தோன்றியது.

“உங்களைத்தான் சார். கரண்டு போயிருச்சா?”

“ஆமா” என்றேன். பேசிவிட்டாள், மதிவதனிக்கு போன் பண்ண வேண்டும், டாக்டருக்குச் சொல்ல வேண்டும், பேசிவிட்டாள். அந்த உங்களைத்தான், கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கூப்பிடுகிற அதே உங்களைத்தான். ஆனால் முன்னால் ஒரு சார் இருக்கிறதே. நாலு நிமிஷம் கழித்து வலிக்கிற அடிபோல அந்தச் சார் மெதுவாக வந்து உறைத்தது.

“நீங்க மீன் தொட்டி வைக்க வந்தவரா?”

தலையில் துண்டு, சேறான பனியன், மடித்துக் கட்டிய வேட்டி. அவங்க போக்குல போங்க.

“ஆமாம்மா” என்றேன்.

“யாரு வைக்கச் சொன்னா? மதியா?”

“அவங்கதாம்மா.”

“எங்க வீட்டுக்காரரைக் கேக்காம வைக்காதீங்க சார். தண்ணி விஷயத்துல அவர் ஒரு தினுசு. டம்ளர்ல ஊத்திக் குடுத்த தண்ணியைக்கூட வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டுத்தான் குடிப்பார்.” மெல்லச் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், வாய் ஏதோ செய்தது. அப்புறம் நாற்காலி மறுபடி முனகியது, சேலை சரசரத்தது, குரல் தாழ்ந்து பக்கத்தில் வந்தது.

“சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லிராதீங்க. இந்த வீட்ல ஒருத்தர் இருக்கார்.”

“யாரும்மா?”

“தெரியலை. நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாளா இருக்கார். எங்க வீட்டுக்காரர் சட்டையைத்தான் போட்டுக்கறார். அவர் மூக்குக்கண்ணாடி. இருமறதுகூட அப்படியே இருமறார். மதியே ஏமாந்துட்டா, அப்பாங்கறா.”

“உங்களை ஏதாவது…”

“சேச்சே. ஒரு கொறையும் வைக்கலை. சோறு போடறார், மாத்திரை குடுக்கறார், நாலு மணியானா டீ கொண்டாந்து வைப்பார். நல்ல மனுஷர்தான். ஆனா அவர் இல்லை.”

கைமணலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “எப்படிம்மா சொல்றீங்க?” என்று கேட்டேன்.

“இவர் என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கார் சார். நான் எப்ப வாயத் தொறப்பேன்னு குனிஞ்சு குனிஞ்சு பாக்கறார். அவர் அப்படிக் கெடையாது. நான் காலையிலேர்ந்து பேசிக்கிட்டே இருப்பேன், அவர் பேப்பருக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து உம் கொட்டுவார். அவ்வளவுதான். ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்லை. இவர் பாக்கறார். அதான் நான் பேசறதில்லை. பேசினா, நான் கண்டுபிடிச்சிட்டேன்னு இவருக்குத் தெரிஞ்சு போயிரும்.”

அதனால்தான் நான் உள்ளே வந்தால் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடுகிறாள், குளிருகிறது என்று நினைத்து ஸ்வெட்டர் வாங்கி வந்தேன். அதனால்தான் படுக்கும்போது தன் அறைக் கதவை உள்ளே தாழ் போடுகிறாள், காய்ச்சலின் மிச்சம் என்று நினைத்தேன். சோற்றைத் தட்டில் போட்டதும் விருந்தாளி போல ஒரு கணம் காத்திருந்து அப்புறம் தொடுவாள். பேச்சு உள்ளே எங்கும் இறங்கிப் போகவில்லை. அவள் உதட்டுக்குப் பின்னாலேயே இத்தனை நாளும் இருந்திருக்கிறது, அவள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறாள், என்னிடமிருந்து. நான் தட்டில் பார்த்துப் பார்த்துப் போட்டு, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, வல்லி, வல்லி, ஒரு வார்த்தை சொல்லு என்று குனியக் குனிய, அவள் பயந்திருக்கிறாள். திரும்பி, நான்தாண்டி, மருதவாணன்தாண்டி என்று கத்த வேண்டும் போல வந்தது. துண்டை அவிழ்த்து முகத்தைக் காட்டினால் தீர்ந்தது. என்ன தீரும். அந்த முகம்தானே அது. கண்ணாடியில் என் முகம் விழுகிறதே என்று அப்போதுதான் உறைத்தது, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன், தொட்டிக்குள் அரைவாசி குனிந்து, மணலைக் கொட்டிப் பரப்ப ஆரம்பித்தேன்.

“நீங்க போயிராதீங்க சார். எங்க வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் இருங்க.”

“எங்க போயிருக்காரும்மா?”

“பிளாண்டுக்குத்தான். ஆத்துல புதுத் தண்ணி வந்தா ராவும் பகலும் அங்கயே கெடப்பார்.”

“இருக்கேம்மா” என்றேன்.

அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். பிடித்து வைத்திருந்தது எல்லாம் வந்தது. மாடி வீட்டுக்காரி துணி காயப் போட்டால் நம் வாசலில் சொட்டுகிறது. மதிவதனி இளைத்துவிட்டாள், கேட்டால் டயட் என்கிறாள். முருங்கைமரத்தில் கம்பளிப்பூச்சி வந்திருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கையில் இருந்த பெண் ஒரு ராத்திரி எழுந்து போய்விட்டாள், படுக்கையைச் சுருட்டிவிட்டார்கள், போய்விட்டாளா செத்துவிட்டாளா என்று யாரும் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே போனாள், தொட்டி வைக்க வந்தவனிடமா, தனக்குத்தானா, தெரியவில்லை. நான் மணலைப் பின்பக்கம் ஏற்றினேன், முன்பக்கம் இறக்கினேன், உள்ளங்கையால் தடவித் தடவிச் சமப்படுத்தினேன். நாற்பது வருஷம் இந்தப் பேச்சு இந்தக் கூடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது, இதில் ஒரு வார்த்தையும் என்னிடம் இல்லை, கம்பளிப்பூச்சி, மாடி வீட்டுத் துணி, எதையும் நான் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை, இன்றைக்குத்தான் ஒவ்வொரு வார்த்தைக்கும் காது பதறுகிறது. அந்தப் பெண்ணின் பெயர் என்ன, அவள் எங்கே போனாள், அப்போது உனக்குப் பயமாக இருந்ததா என்று கேட்க வாய் வருகிறது, கேட்கக் கூடாது, கேட்டால் நான் அந்த இன்னொருத்தன். ஓரமாகத் தெரிகிற வாளியில் குமிழி அடங்கிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் எங்கேயோ மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், “உம்” என்றேன்.

பேச்சு நின்றது.

தெருவில் ஒரு ஆட்டோ போனது. என் முதுகில் அவள் பார்வை படுகிற இடம் எனக்குத் தெரிந்தது, தோள்பட்டைக்கு நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு.

“என்னங்க” என்றாள். “எப்ப வந்தீங்க?”

மணலில் என் விரல்கள் புதைந்திருந்தன. “இப்பத்தான்” என்றேன்.

“கூப்பிட்டிருக்கலாம்ல? தொட்டிக்காரர் ஒருத்தர் இருந்தாரே, போயிட்டாரா?”

“போயிட்டார்.”

“அந்த இன்னொருத்தர்?”

“அவரும் போயிட்டார்.”

“பாவம்” என்றாள் வல்லி. “டீ போட்டுக் குடுப்பார்.” ஒரு பெருமூச்சு விட்டாள், பிரம்பு நாற்காலி முழுதாக அவள் பாரத்தை வாங்கிக்கொண்டது, இத்தனை மாதத்தில் அவள் முதன்முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருகிறாள் என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். அந்தப் பெண்ணின் பெயர் சுலோசனாவாம், ஊர் லால்குடிப் பக்கமாம். எனக்கு இடுப்பு கடுக்கிறது, குனிந்த கழுத்து இறுகிவிட்டது, மூக்கு நுனியில் வேர்வை திரண்டு மணலில் விழுகிறது. இரண்டு விரற்கடை மணலை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ளுகிறேன், மறுபடி இழுக்கிறேன். திரும்பவில்லை.